ஒரேஞ்ச் ஜெக்கெட் முன்னால் போன அந்தி

அந்த ஜெக்கெட்டை மட்டும் நான் கழற்றிக் கொடுத்திருக்காவிட்டால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது. கொடுத்தேன். அதனால் ஒரு அந்திப்பொழுதில், மழைத் தண்ணீர் முழங்காலுக்கு ஓடும் ஒரு மதகுக்குள் குந்திக்கொண்டு, தலைக்கு மேலே யானை நடப்பதைக் கேட்டேன். இன்றைக்கும் வெளியே மழை பெய்கிறது. அதைக் கேட்டபடிதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரிஸ்வான். புத்தளத்துக்குப் பக்கத்தில், பாலாவியில் லொறி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்தவன். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவுவதற்காக நம் குழு நடத்திய மூன்று நாள் சைக்கிள் பயணத்தில் நானும் போனேன். பயணம் முடிந்ததிலிருந்து வட்ஸ்அப்பில் எல்லோரும் எந்த டயர் நல்லது, எந்த சீட் நோகாது, எந்த லைட் மழைக்குத் தாங்கும் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் சாமானைப் பற்றித்தான் எழுத வந்தேன். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் அந்தச் சாமானைப் பற்றி மட்டும் எழுத மனம் வரவில்லை.

இந்தப் பயணத்தில் வராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் குழுவில் கடைசியாகச் சைக்கிள் ஓடுபவரை வால் என்போம். யாரையும் பின்னால் விட்டுவிட்டு அவர் முன்னால் போகக்கூடாது. எல்லோரும் சிவப்பு ஜேர்சி போட, வால் மட்டும் அதற்கு மேலே பளிச்சென்ற ஒரேஞ்ச் நிற மழை ஜெக்கெட் போடுவார். ஒரேஞ்ச் வந்தால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று கணக்கு. ஆட்களை எண்ணும் வேலையே இல்லை. எத்தனை வருடமாக ஓடுகிறோம், ஒரு நாளும் கணக்குத் தவறவில்லை.

இரண்டாம் நாள் வால் நான். எலுவன்குளத்துக்குப் போய்த் திரும்பி, வண்ணாத்திவில்லுத் தேத்தண்ணிக் கடையடியில் ஓட்டத்தை முடிப்பது திட்டம். அங்கே சைக்கிள்களை லொறியில் ஏற்றிவிட்டு, நாங்கள் பஸ்ஸில் புத்தளம் போய்த் தங்குவோம். காலையில் இரண்டு பேரின் டயரில் முள் குத்தியது. வாலிடம்தான் மேலதிக டியூப் இரண்டு இருக்கும், இரண்டையும் கொடுத்தேன். கொடுத்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

பின்நேரம் திரும்பும்போது மழை பிடித்தது. எனக்கு முன்னால் ஓடிய பஹ்மி நடுவழியில் இறங்கி நின்றுவிட்டான். பஹ்மி வங்கியில் வேலை செய்பவன், போன வருடம்தான் கலியாணம் முடித்தவன். தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது. பல்லு அடித்துக்கொண்டது. அவனிடம் மழைக்கு ஒன்றும் இல்லை.

"தம்பி, இதப் போட்டுக்கொள்" என்று என் ஜெக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

"உங்களுக்கு, நானா?" என்றான். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"எனக்கு இந்த உடம்புக் கொழுப்பே காணும். நீ மெல்லமா முன்னுக்குப் போ. நான் பின்னால வாறன்."

ஒரேஞ்ச் ஜெக்கெட்டை மாட்டிக்கொண்டு பஹ்மி போனான். நான் செய்தது என்னவென்று எனக்கு அப்போது கொஞ்சமும் விளங்கவில்லை. சைக்கிள்காரர்கள் ஒருவருக்கொருவர் உடுப்பு, கண்ணாடி, கையுறை எல்லாம் மாற்றிக்கொள்வது வழமைதானே. நோயாளிக்கு ஜெக்கெட் கொடுத்தேன், அவ்வளவுதான் என் நினைப்பு.

கொஞ்சத் தூரம் போகவும் என் பின் டயரில் காற்று போனது. பஹ்மியைக் கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. டியூப் இல்லை. ஒட்டுத் துண்டை ஒட்டிப் பார்த்தேன், ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. ஃபோனில் கவரேஜ் இல்லை. இரண்டு பக்கமும் காடு. பின்நேரத் தொழுகையான அஸர் தாண்டினால் அந்த வழியில் ஊராட்களே நடமாடமாட்டார்கள் என்று எலுவன்குளத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் காலையில்தான் சொல்லியிருந்தார். ஜவ்பர் சேர் நம்மோடு வரும் உதவி வேனை அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி நடந்தேன். ஜவ்பர் சேர்தான் நம் பயணத்தை நடத்துபவர். ஒருவரையும் விட்டுவிட்டுப் போகிற மனுசன் இல்லை.

ஆனால் அவரும் போய்விட்டார். பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரேஞ்ச் ஜெக்கெட் கடையடிக்கு வந்ததைக் கண்டதும் "வால் வந்துட்டு, ஏத்துங்க" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். மழை, இருட்டு வருகிறது, எல்லோருக்கும் குளிர். பஹ்மியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வேனுக்குள் கிடத்தினார்கள். அவன் கிடந்த கையோடு கண்ணயர்ந்துவிட்டான். ஒரேஞ்ச் வந்துவிட்டதால் நான் பஸ்ஸில் இருக்கிறேனா என்று ஒருவரும் பார்க்கவில்லை, லொறியும் பஸ்ஸும் வேனும் புறப்பட்டன.

நான் நடந்துகொண்டிருந்தேன். வேன் வரவில்லை. வெளிச்சம் குறையக் குறைய என் காலடிச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சைக்கிள் சப்பாத்தின் அடியில் பெடலில் கொளுவும் கட்டை இருக்குமே, அது தாரில் டக் டக் என்றது. தள்ளும்போது பின் சக்கரம் வேறு டிக்டிக்டிக் என்று ஓயாமல் அடித்தது. ரோட்டில் யானை லத்தி கிடந்தது. மழை அதைக் கரைக்கவில்லை, ஆவி பறந்தது. அதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றி ஹாண்டிலில் கொளுவினேன். சக்கரம் சத்தம் போடாமலிருக்கச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறும் சொக்ஸோடு நடந்தேன். அழுகை வந்தது. நாற்பது வயதைத் தொடும் மனுசன், சைக்கிளைச் சுமந்துகொண்டு அழுதபடி நடந்தேன்.

கொப்பு முறியும் சத்தம் கேட்டது. நின்றேன். முன்னால், ரோட்டோரத்தில், ஒரு தனி யானை நின்றது. இருட்டில் முதலில் மரம் என்றுதான் நினைத்தேன். பிறகு காது அசைந்தது. காற்று என் முதுகுப் பக்கமிருந்து அதன் பக்கம் போனது. அது தும்பிக்கையைத் தூக்கி என் திசையில் நீட்டியது.

ஓடக்கூட எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மதகு இருந்தது, ரோட்டுக்குக் குறுக்கே மழைத் தண்ணீர் போகும் கொங்கிரீட் வழி. சைக்கிளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அதற்குள் சறுக்கி இறங்கினேன். ஆள் குந்தியிருக்க மட்டும்தான் இடம். சேற்றுத் தண்ணீர் குளிர்ந்து ஓடியது. பாம்பு இருக்குமோ என்ற பயம்கூட எனக்கு வரவில்லை, வேறு பயத்துக்கு உள்ளே இடமில்லை.

யானை வந்தது. காலடிச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய உருவம் சத்தமில்லாமல் வருவதுதான் பயங்கரம். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. மேலே இருந்து மண் உதிர்ந்து என் தலையில் விழுந்தது. பிறகு என் சைக்கிளை இழுத்துப் போடும் சத்தம். பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக முறியும் சத்தம், டிங் டிங் என்று. அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். என் இரண்டு மகள்மாரின் முகமும் வந்தது. மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

மீனின் வயிற்றில் இருந்த யூனுஸ் நபி கேட்ட துஆவைச் சின்ன வயதிலிருந்து ஓதுகிறவன் நான். அன்றைக்கு ஓத வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள், வீட்டில் கதைப்பதுபோலச் சொன்னேன். "யா அல்லாஹ், எனக்கு ஓதக்கூட வருதில்ல. என்னைப் பிள்ளையளிட்ட கொண்டு போய்ச் சேர்." அவ்வளவுதான் என் துஆ. அழகான துஆ ஒன்றும் இல்லை.

மேலே சத்தம் ஓய்ந்தது. யானை போய்விட்டதா, நின்று காத்திருக்கிறதா என்று தெரியவில்லை. தலையை நீட்டிப் பார்க்கத் துணிவில்லை. நன்றாக இருட்டிவிட்டது. தண்ணீரில் கால் விறைத்து, இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன்.

பிறகு ஹோன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. வெளிச்சம் மதகுத் தண்ணீரில் விழுந்தது. வேன் கதவு திறக்கும் சத்தத்தோடு பஹ்மியின் குரல்.

"ரிஸ்வான் நானா. நானா."

கையை மட்டும் வெளியே நீட்டினேன். பஹ்மியும் சாரதி நிமலும் என்னை இழுத்து எடுத்தார்கள். யானையைக் காணவில்லை. சைக்கிளின் பின் சக்கரம் பொரித்த பப்படம்போல நெளிந்து கிடந்தது. அதைப் பார்த்த நிமல் என்னைக் கட்டிப்பிடித்தார்.

வேனுக்குள் பஹ்மி காய்ச்சலோடு அழுதான்.

"ஆரோ என்னத் தட்டி எழுப்பின மாதிரி இருந்திச்சு நானா. முழிச்சிப் பாத்தா பக்கத்தில ஆருமில்ல. வேன் புத்தளத்துக்குக் கிட்ட வந்துட்டு. குனிஞ்சு பாத்தா என்ட உடம்பில ஒரேஞ்ச் ஜெக்கெட். அப்பதான் நெஞ்சு திக்கெண்டுச்சு. நிமல் அய்யே, திருப்புங்க, வால் அங்கதான் நிக்கிது எண்டு கத்தினன்."

"இவ கத்தின சத்தத்துக்கு மங் பிரேக் போட்டது" என்றார் சிங்களவரான நிமல், தன் அரைகுறைத் தமிழில். மங் என்றால் நான்.

யார் அவனைத் தட்டி எழுப்பியது என்று என்னிடம் கேட்காதீர்கள். காய்ச்சல்காரனுக்கு எதுவும் தோன்றும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். புத்தளத்துக்குப் போய் மருந்து குடித்துப் படுத்திருந்தால் காலைவரை அவன் எழும்பியிருக்கமாட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என்னை நேரே பாலாவிக்குக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். என் மனைவி ஃபாயிஸா கதவைத் திறந்தாள். முகத்தில் பதற்றமே இல்லை. சேறும் ஈரமுமாக என்னைக் கண்ட பிறகுதான் முகம் மாறியது.

"என்ன இது கோலம்? நீங்க புத்தளத்திலதானே? எல்லாரும் சுகமா வந்து சேந்துட்டாங்க எண்டு மெசேஜ் போட்டாங்களே."

ஒரேஞ்ச் ஜெக்கெட் வந்ததுமே குழுவிலிருந்து குடும்பத்தாருக்கு அந்தச் செய்தியைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி நடந்ததைச் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தின மணி இருக்கும் நீங்க அந்த மதகுக்குள்ள?"

"பொழுதுபடுற மஃரிப் நேரம். ஏன்?"

"மஃரிப் தொழுதுட்டு ஃபோனப் பாத்தன். மெசேஜ் இருந்திச்சு. அதே முசல்லாப் பாயில ரெண்டு ரக்அத் தொழுதன். அல்லாஹ், அவரப் பத்திரமா கொண்டு வந்து சேத்துட்டாய், உனக்குத்தான் நன்றி எண்டு சுஜூதில கிடந்து அழுதன்." அவள் அந்த மெசேஜை எடுத்து எனக்குக் காட்டினாள். "அப்ப நான் நடக்காத ஒண்டுக்கா நன்றி சொன்னன்?"

நான் சேற்றைக் கழுவப் போனேன். மதகுக்கு மேலே என் சைக்கிள் முறிந்துகொண்டிருந்தபோது, பாலாவியில் ஒருத்தி நான் தப்பிவிட்டேன் என்று நம்பி நெற்றியைத் தரையில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வந்த செய்தி பிழை. அவள் சொன்ன நன்றி உண்மை. நான் மதகுக்குள் இருந்து துஆக் கேட்டேன், அவள் கேட்கக்கூட இல்லை, கிடைத்துவிட்டது என்று நன்றி சொன்னாள்.

மறுநாள் கற்பிட்டி ஓட்டத்துக்கு நான் போகவில்லை. பொய் சொல்லமாட்டேன், பயம்தான். இரண்டு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. இப்போது ஓடுகிறேன், வாலாகவும் ஓடுகிறேன். ஒரேஞ்ச் ஜெக்கெட்டை மழையானாலும் காய்ச்சலானாலும் கழற்றக்கூடாது என்று ஜவ்பர் சேர் சட்டம் போட்டுவிட்டார். பெயர் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் இனிக் கணக்கு. அது நம் கையில் உள்ள வேலை, அதைச் சரியாகச் செய்வோம். எனக்குள் மாறியது வேறு. முன்பெல்லாம் தொழுதுவிட்டு எழும்பும்போதே கடைச் சாவியைத் தேடுவேன். இப்போது கொஞ்சம் உட்கார்ந்திருந்து, அன்றைக்கு நான் வீடு திரும்புவதற்குக் காலையிலேயே நன்றி சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது அப்படி ஒரு மதகுக்குள் இருக்கலாம். நோயோ, கடனோ, பிள்ளையின் கவலையோ, என்னவென்று எனக்குத் தெரியாது. ஓத வாய் வராவிட்டால் வெட்கப்படாதீர்கள், வீட்டில் கதைப்பதுபோலக் கேளுங்கள். உங்களுக்காக எங்கோ ஒருவர் நன்றியே சொல்லிக்கொண்டிருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்.

அன்று ஃபாயிஸா கேட்ட கேள்விக்குப் பதிலை இன்னும் சொல்லவில்லை. சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. "நீ சொன்ன நன்றிய அல்லாஹ் பொய்யாக்கல்ல" என்றேன்.