அத்தானின் கத்தலான் கோழிகள்

என் அக்காள் கணவர் பார்சிலோனாவில் ஒரு ஓட்டலில் பல வருடம் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் அருமனைக்குத் திரும்பியபோது விஞ்ஞானியாகிவிட்டதாக ஒரு நினைப்பு. பார்சிலோனாப் பக்கத்துக் கத்தலான் நாட்டுக்கோழி முட்டைகளை எங்கிருந்தோ வரவழைத்து இன்குபேட்டரில் பொரிக்கவைத்தார். எப்படி வந்தன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். பெனெடெசென்கா என்ற அந்த இனம் சொந்த ஊரிலேயே அழியப் பார்த்ததாம். இவர்தான் காப்பாற்றப் போகிறாராம்.

கோழிகள்மேல் எனக்குக் குறை இல்லை. கருப்பட்டி நிறத்தில் முட்டையிடும். கொண்டை பின்பக்கம் கிளைகிளையாகப் பிரிந்து நிற்கும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடச் சொன்னேன்.

"ஏட்டி, இது ஐரோப்பாக் கோழி. ஒனக்கு மனசிலாவாது" என்றார்.

அதே நோயில் பாதிக்குமேல் செத்தன. சேவல்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

கூட்டை அவர் ஒருநாளும் கழுவியதில்லை. முழங்கால் வலியோடு அக்காள்தான் எச்சம் வாருவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் பார்க்க வந்தால் மட்டும், இஸ்திரி போட்ட சட்டையில் சேவலை ஏந்தியபடி நிற்பார்.

ஒருநாள் துபாயிலிருந்து அவருடைய பணக்கார நண்பர் வந்திருந்தார். நான் போனபோது அடுக்களை முழுக்க மசாலா மணம். குப்பைக்கூடையில் அந்தக் கொண்டை கிடந்தது.

"அக்கா, சாவலையா அறுத்தது?"

"நான் என்ன செய்ய மக்கா? விருந்தாளிக்கு ஒரிஜினல் டேஸ்ட் காட்டணும்னு அவரே அறுத்துட்டாரு."

முன்னறையில் அத்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "லோகத்துல இதத் தின்ன ஆளு கம்மி, தெரியுமா?"

நண்பர் எலும்பைத் தட்டோரம் ஒதுக்கினார். "சவ்வு மாதிரி இருக்குடே. பிராய்லர் வாங்கியிருக்கலாம்."

அத்தான் ஆமாம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவரிடம் எனக்கு மிச்சமிருந்த மரியாதையும் போனது.

அடுக்களையில் இருந்த கருப்பட்டி நிற முட்டைகளை அக்காளிடம் கேட்டு வாங்கி வந்து, அடைகிடந்த என் நாட்டுக்கோழிக்கு வைத்தேன். சில பொரிந்தன. வளர்ந்ததில் இரண்டு சேவல். அங்கே மிஞ்சியிருந்த பெட்டைகளையும் அக்காளே கொண்டுவந்து விட்டாள்; அத்தான் அதற்குள் அலங்கார மீனுக்கு மாறியிருந்தார்.

இப்போது என் வீட்டில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. எல்லாம் ஒரே குடும்பம். புது ரத்தம் சேராவிட்டால் தேறாது. வெட்கத்தைவிட்டு அத்தானிடம் கேட்டேன்: "பார்சிலோனால கோழி வளக்குற ஆரையாவது தெரியுமா அத்தான்?"

அவர் மீன்தொட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்காள்தான் சொன்னாள், "இவரு எங்கட்டி கண்டாரு? ஓட்டல் அடுக்களய விட்டு வெளிய போனதே இல்ல."