மழையை மாறவிடாத பொன்னுத்துரை

புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், ரப்பரும் தேயிலையும் பங்கு போட்டுக்கொண்ட மாரகந்த தோட்டத்தில், இருபத்து மூன்று வருடங்களாக ஒரே மழைதான் பெய்துவந்தது. ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை, ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை. வேறெந்த ஊருக்கும் கிட்டாத இந்தப் பாக்கியத்தைத் தோட்டத்துக்குத் தேடிக் கொடுத்தவர் ஒபீஸ் பியூன் பொன்னுத்துரை.

அவர் கெட்ட மனிதரில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் அட்டைதான் காரணம்.

2002 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, தபால் கொண்டுபோவது, மணி அடிப்பது இவற்றோடு மழை அளக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஒபீஸ் முற்றத்தில் புனல் வைத்த ஒரு செம்புப் பாத்திரம் நின்றது. தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்றாம் நாள் காலை, குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தபோது, அட்டை ஒன்று காற்சட்டைக்குள் ஏறி, ஏறக்கூடாத இடம்வரை போய்விட்டது. அந்த அட்டை எவ்வளவு பெரியது என்று கேட்டால் அவர் ஆரம்பத்தில் சுண்டுவிரலைக் காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு முழங்கையைக் காட்டினார். இப்போதெல்லாம் தோளைத் தொடுகிறார். எப்படியோ, அவர் துள்ளிய துள்ளலில் குழாய் உடைந்தது.

அந்தக் காலத்துத் தோட்ட மேனேஜர் தொர, தேக்கரண்டி ஒன்று தொலைந்ததற்குத் தோட்டத்தையே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மணிக்கணக்காக நிற்க வைத்தவர். பொன்னுத்துரை கண்ணாடித் துண்டுகளைக் குரோட்டன் செடிக்கடியில் புதைத்தார். மறுநாள் எட்டரைக்கு மழைப் புத்தகத்தைத் திறந்து, என்ன எழுதுவதென்று யோசித்தார். அருகில் 2001ஆம் ஆண்டுப் புத்தகம் இருந்தது. அதே திகதியில் ஏழு மில்லிமீட்டர். அவரும் ஏழு என்று எழுதினார். பரிசோதிக்க வந்த பெரிய கிளாக்கர் எழுத்து அழகாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். 2003இல் 2002ஐப் பார்த்து எழுதினார். 2004இல் 2003ஐப் பார்த்து எழுதினார். செம்புப் பாத்திரத்தில் ஒரு தேரை குடியேறிப் பேரன் பேத்தி கண்டது. ஒரு மே மாதம் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓயா பெருகி, கோழிக்கூடு ஒன்று கோழிகளோடு மிதந்து போனது. சேவல் பாலத்தடியில் ஒருமுறை, பௌத்தப் பன்சலைக்குப் பக்கத்தில் ஒருமுறை கூவியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குப் புத்தகத்தில் இரண்டு மில்லிமீட்டர்.

பதினைந்து வருடம் ஒன்றையே எழுதினால் மனிதன் அதை நம்பத் தொடங்கிவிடுவான் போலிருக்கிறது. பொன்னுத்துரை புத்தகம் பார்த்துத்தான் குடை எடுத்தார். கொட்டுகிற மழையில் சொட்டச் சொட்டப் பெரட்டுக்கு வந்து நின்று, "இது மழை இல்லைங்க, பனி கொஞ்சம் கூட" என்றார். உலகம் சூடாகிறது, மழை தாறுமாறாகிவிட்டது என்று யாராவது பேசினால் அவருக்குச் சிரிப்பு வரும். "அதெல்லாம் டீவிக்காரன் சொல்றது. இங்க வந்து புத்தகத்தைப் பாருங்க."

புத்தகத்தைப் பார்க்க ஒருநாள் ஆள் வந்தது.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயங்கள் என்ற வரிசை வீடுகள் செங்குத்தான மலையடியில் இருக்கின்றன. அங்கே பொன்னுத்துரையின் குடும்பத்தோடு இருபத்திரண்டு குடும்பங்கள். மூன்று வருடமாக மலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. பொன்னுத்துரையின் வீட்டுக் குசினியில் விழுந்த வெடிப்பில் அம்மி ஒரு மாவட்டத்திலும் அடுப்பு வேறொரு மாவட்டத்திலும் இருப்பதாக அவர் மனைவி இந்திராணி சொல்வாள். இவர்களுக்கு, மேலே பழைய விளையாட்டு மைதானத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் பேச்சு நடந்தது. எந்தத் தோட்டத்துக்கு முதலில் என்று பட்டியல் போட, மண்சரிவைப் பார்க்கும் அதிகாரி சஜீதா போன வருடம் மார்ச்சில் வந்தார்.

"இந்தச் சரிவுல மழை கூடிட்டு வருதுண்டு ரெகோர்ட் காட்டினா, ஒங்கட பேரெல்லாம் லிஸ்ட்ல மேல போகும் அண்ணே" என்றார்.

பொன்னுத்துரை புத்தகங்களை இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தார். சஜீதா மூன்று பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை புரட்டினார்.

"அண்ணே, இங்க மழை கூடவே இல்லையே."

"ஒரு சொட்டுக்கூட கூடலைங்க மிஸ்!" என்றார் பொன்னுத்துரை. பெருமை முந்திக்கொண்டது. சஜீதா உதட்டைப் பிதுக்கி, இருபத்திரண்டு குடும்பங்களையும் பட்டியலின் கடைசிக்கு இறக்கிவிட்டுப் போனார்.

ரப்பர் பால்வெட்டு முடிந்து வாளியோடு வந்த இந்திராணி செய்தியைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, நம்ம கோழிக்கூடு ஆத்தோட போச்சே, அது உங்க புத்தகத்துல எந்தப் பக்கம்?"

"அன்னைக்கு ரெண்டு மில்லிமீட்டர்."

"ரெண்டு மில்லிமீட்டர்ல கோழிக்கூடு மிதக்குமா? எறும்புக்குக் கால் நனையாது!"

அட்டையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அட்டை அன்று சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"போய் அந்த மிஸ்கிட்ட சொல்லுங்க."

"வேலை போயிரும் புள்ள."

"வேலை போனா வேற வேலை தேடலாம். மலை வந்தா வேற கழுத்துத் தேடுவீங்களா?"

அவர் அடுத்த திங்கள் சொல்கிறேன் என்றார். அதற்குள், மாரகந்தவில் மழை மாறவே இல்லை என்ற விஷயம் முக்தார் காதுக்குப் போய்விட்டது.

முக்தார் நானாவுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. அந்தி நேரத்தில் சிமெந்து மூட்டைமேல் உட்கார்ந்து உலகத்தை விசாரிப்பார். உலகம் சூடாகிறது என்ற பேச்சு வெறும் புரளி என்பது அவருடைய தீர்ப்பு. "ஐஸ் உருகிக் கடல் ஏறுமாம். ஏறட்டுமே! இந்த மலையில இருக்கிற கேகாலைக்குக் கடல் வந்தா நமக்குத்தானே மீன் லேசு?" என்பார். எதிர்த்துப் பேசுவதற்கென்றே விஞ்ஞான மாஸ்டர் சதீஸ் தினமும் போவார், தினமும் தோற்பார்.

இருபத்து மூன்று வருடம் மாறாத மழை என்று கேட்டதும் முக்தார் த்ரீவீலர் பிடித்து வந்தார். பக்கம் பக்கமாகப் போட்டோ கொப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு காலை டவுன் மண்டபத்தில் பகிரங்க விவாதம் என்று துண்டுப் பிரசுரம் அடித்தார். 'சூடு என்பது சும்மா கதை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

இருநூறு பேர் வந்தார்கள். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. விசிறிகள் நின்றன. தகரக் கூரைக்கடியில் சனம் அவியத் தொடங்கியது. 'சூடு என்பது சும்மா கதை'யை எடுத்து எல்லோரும் விசிறிக்கொண்டார்கள். சதீஸ் மாஸ்டர் பனிக்கட்டியில் நிற்கும் வெள்ளைக் கரடியின் படத்தைக் காட்டினார். சனம் கரடியைப் பொறாமையோடு பார்த்தது.

அடுத்து முக்தார், வெள்ளைத் துணி போர்த்திய தட்டில் மழைப் புத்தகத்தை வரவழைத்தார். "உலகத்துல உள்ள ஒரே நேர்மையான சாட்சி!" என்று, மேடைக்கு அழைத்துவந்திருந்த பொன்னுத்துரைக்கு மாலை போட்டார்.

முன்வரிசையில் இந்திராணி இருந்தாள். அவளோடு லயத்துப் பெண்கள் இருபத்தொரு பேர். அவள் முறைக்கவில்லை. மேலே பார்த்தாள். மண்டபக் கூரையைத்தான் பார்த்தாள், ஆனால் மலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பொன்னுத்துரை மைக்கைப் பிடித்தார். கரண்ட் இல்லாததால் அது வேலை செய்யவில்லை. கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"இது நான் அளந்தது இல்லைங்க! போன வருஷத்தைப் பார்த்து எழுதினது!"

"எந்த வருஷத்த?" என்றார் முக்தார்.

"எல்லா வருஷத்தையும்! நம்பாட்டி பெப்ரவரி இருபத்தொம்பதைப் பாருங்க. ஆறு தடவை வந்துச்சு. ஆறு தடவையும் வெறும் கோடு. பார்த்து எழுத முந்தின வருஷத்துல அப்படி ஒரு நாளே இல்லைங்க!"

விசிறிய துண்டுப் பிரசுரங்கள்கூட நின்றன. முக்தார் நெற்றியைத் துடைத்தார். ஒரு மிடறு சோடா குடித்தார். இரண்டாவது மிடறில் அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

"கேட்டீங்களா சனங்களே! ஒரு தோட்டத்துப் பியூனே இப்பிடி எழுதினா, உலகம் பூரா எத்தன பியூன் இருப்பான்! அவன்ட புத்தகத்த நம்பித்தானே சூடு சூடுண்டு கத்துறானுவள்?"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிடமானது. வாக்கெடுப்பில் சூடு முப்பத்தெட்டுக்கு நூற்று நாற்பத்தொன்று என்று தோற்றது. வெக்கையில் மயங்கி விழுந்த இரண்டு பேரின் கைகளைப் பிடித்துத் தூக்கியபோது, உயர்ந்த கை உயர்ந்த கைதான் என்று அவற்றையும் முக்தார் பக்கம் எண்ணினார்கள்.

விவாதத்தைக் கேட்க வந்திருந்த சஜீதா வாசலில் நின்றார். பொன்னுத்துரை மாலையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். "இப்ப எங்க பேரை மேல போடுவீங்களா மிஸ்?"

"பொய்ப் புத்தகம் போனது சரி அண்ணே. ஆனா இப்ப ஒங்களுக்குப் புத்தகமே இல்லையே. வெறும் வாய்ப் பேச்ச வெச்சி நான் எப்பிடிப் போட?"

பின்னாலேயே வந்த இந்திராணி கேட்டாள். "மழைன்னா நாங்க பால் வெட்டப் போறதில்லையே மிஸ். அதுவும் புத்தகத்துல எழுதித்தானே இருக்கு?"

ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டையில் விழுந்த பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். இரண்டையும் வெளிக்கள உத்தியோகத்தர் அன்றன்றே வெட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பார். பால் ஏன் குறைந்தது என்று தொர கேட்கிற இடத்தில் மழையை மறந்தவர் எவருமில்லை. அந்தப் புத்தகங்கள் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டின் பரணில் இருப்பது, தினமும் பால் கொண்டுபோய் ஊற்றுகிற பெண்களுக்குத் தெரியும். ஒபீஸிலேயே இருந்த பொன்னுத்துரைக்குத் தெரியாது.

தொரையிடம் கடிதம் வாங்கி, இருபத்திரண்டு பெண்களும் அவற்றைப் பால் வாளிகளில் அடுக்கித் தலையில் வைத்து பஸ் ஏறினார்கள். 2009ஐப் பாதி கரப்பான் தின்றிருந்தது. மீதி அத்தனையும் புகை மணத்தது. சஜீதாவின் கேகாலை அலுவலகத்தில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டதென்று ஒருமுறை வெளியே ஓடித் திரும்பி வந்தார்கள். சஜீதா இரண்டு நாள் எண்ணினார். பாலை மழை அடித்துப்போன நாட்கள் 2003இல் நான்கு. 2024இல் முப்பத்தொன்று. சஜீதா பேனாவை எடுத்து மாரகந்தவின் கீழ்ப்பிரிவைப் பட்டியலின் தலைக்கு ஏற்றினார்.

பொன்னுத்துரையைத் தொர வேலையை விட்டு நிறுத்தவில்லை. இவ்வளவு அழகான கையெழுத்து வேறு யாருக்கும் இல்லையாம்.

மைதானத்தில் அத்திவாரம் போட்ட வாரம், முக்தார் நானா அளவு நாடாவோடு வந்தார். கூரைச் சாமான் அவர் கடையில்தான். பொன்னுத்துரை தகரம் போதும் என்றார்.

"தகரமா? விசரா ஒனக்கு? முந்தின மாதிரியா இப்ப? பகலைக்கு உள்ளுக்கு அவிஞ்சி செத்துருவீங்க. ஓடு போடு, அடியில பலகையும் அடி."

இந்திராணி இடுப்பில் கை வைத்தாள். "ஏன் நானா, சூடெல்லாம் சும்மா கதைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மேடை, தங்கச்சி" என்றார் முக்தார், நாடாவை இழுத்தபடி. "இது கூரை."

இருபத்திரண்டு வீட்டுக்கும் ஓடு என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்திராணி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.