றைற் என்றால் போ

மாங்குளம் சந்தியில் நின்ற முல்லைத்தீவு பஸ்ஸில்தான் அவரைக் கண்டேன். ஒட்ட வெட்டிய தலை, ஒன்றுமறியாத முகம். இருக்கைகள் காலியாக இருந்தும் பின்வாசலிலேயே நின்றார்.

கொண்டக்டர் தேத்தண்ணிக் கடையில் கதையளந்துகொண்டிருந்தார். எனக்குக் கல்யாண வீட்டுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. முணுமுணுத்தேன். பின்வாசலில் நின்றவர் திரும்பிக் கேட்டார்:

"தங்கச்சி, றைற் எண்டா இங்கிலீசிலை என்ன?"

"சரி எண்டு சொல்லலாம். வலப்பக்கம் எண்டும் வரும்."

"அதெல்லாம் லண்டனிலை. இஞ்சை அதுக்கு 'போ' எண்டு மட்டும்தான் அர்த்தம்."

பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, கொண்டக்டரின் மூக்கடைத்த குரலிலேயே "றைற்" என்றார். பஸ் புறப்பட்டுவிட்டது.

ஓட்டோவில் துரத்தி வந்து ஏறிய கொண்டக்டர், "ஆர் றைற் சொன்னது?" என்று உறுமினார்.

"நீங்கள்தானே தம்பி. உங்கட குரல் எங்களுக்குத் தெரியாதே?" என்றார் அவர்.

எல்லோரும் ஓம் என்று தலையாட்டினோம், நான்தான் முதலில். கொண்டக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒட்டுசுட்டானில் அவர் இறங்கினார். கொண்டக்டர் வாயைத் திறப்பதற்குள், வீதியில் நின்றபடியே தகரத்தைத் தட்டி "றைற்" என்றார். பஸ் கிளம்பியது. திறந்த வாயோடு கொண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அன்றிலிருந்து, பின்வாசலருகே இடம் கிடைத்தால் எனக்கும் தொண்டை அரிக்கிறது.