பாலனை வைக்கும் வரைக்கும்

என் கணவர் தண்ணீரை அளந்து குடித்த மனிதர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பேன். அப்படிப்பட்டவருக்குத்தான் போன வருஷம் வாசலில் அருவி கட்டும் ஆசை வந்தது.

எங்கள் ஆவூர்ப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த குடில் போடாத கத்தோலிக்க வீடு குறைவு. இவருக்குச் சும்மா குடில் போதாதாம். பின்னால் மலை வேண்டும், மலையிலிருந்து தண்ணீர் விழ வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இனி டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறாமல் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தினேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"குடில்ல பாலன் இயேசுவை வைக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வாரேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

உள்ளே கூடாக இருக்கும்படி தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, கத்தியைச் சூடு காட்டி மலையைச் செதுக்கினார். முதலில் ஸ்பிரே பெயிண்டை நேராக அடித்ததில் ஒரு பக்கம் உருகிப் பொத்தலானது. நான்தான் அடித்த மாதிரி என்னை முறைத்தார். பிறகு பழைய வேட்டியைக் கிழித்து, ஃபெவிகாலும் வெள்ளை சிமெண்டும் கரைத்ததில் முக்கி, துண்டு துண்டாக மலைக்குப் போர்த்தினார். காய்ந்ததும் மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கமும் பூசினார்.

"அடியில எதுக்குங்க?"

"எங்கிட்டும் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டே செய்தார். அந்த நாட்களில் முனகாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மீன்தொட்டி மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் மலைக்குள் விட்ட குழாயில் ஏறி, உச்சியிலிருந்து சலசலவென்று விழுந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

குடிலுக்குள் மாட்டுத் தீவனத்தொட்டி மட்டும் காலியாக இருந்தது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் பாலன் சுரூபத்தை, அந்தக் குழந்தைப் பொம்மையை, அதில் வைப்போம். அதுவரை அது பீரோவில் இருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. விட்ட காலையில், மலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கலாம் என்று போனேன். ஒற்றைக் கையால் தூக்கி வைத்த மலை அசையவில்லை. அத்தனை பூசியவர், உச்சியில் குழாய் வெளியே வரும் ஓட்டையைச் சுற்றி அடைக்க மறந்திருந்தார். அது வழியாக இறங்கிய மழைத் தண்ணீர், அடியும் அடைபட்டதால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிறைந்து நின்றது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது புரியாமல் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பூச்சு பிளந்து, மலை சரிந்து குடிலின் மேலேயே விழுந்தது.

அவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பச் செய்வோங்க. இன்னும் நாள் கெடக்கு," என்றேன்.

உள்ளே போனார். கோபம் என்று நினைத்து, துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் பாலன் இருந்தது.

"என்னங்க இது, இன்னும் கிறிஸ்துமஸே வரலையே?"

சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்தார். சேற்றில் கிடந்த தொட்டியை நிமிர்த்தி அதில் பாலனைக் கிடத்தினார்.

"வச்சாச்சு," என்றார்.

அவர் உள்ளே போனதும் சுரூபத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். எடுத்துவிட்டால் வைக்காத கணக்காகிவிடும் என்று நினைத்த பைத்தியக்காரி நான். டயாலிசிஸ் நாளான திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப்புக்கும் போனேன், பின்னாலேயே வந்துவிடுவார் என்று.

பஸ் வந்தது. இவர் மெதுவாகத்தான் ஏறுவார் என்று கண்டக்டருக்குத் தெரியும். விசில் ஊதாமல் எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்கண்ணே," என்றேன்.