அண்ணாவின் குதிரைக் கொப்பி

எங்கள் அண்ணா ஓர் உளவாளி என்று நான் நம்பினேன். அவருடைய ஓராண்டு நினைவு மலரை இப்படித் தொடங்குவதற்கு உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். பிறந்த ஊரில் தொடங்குவதுதான் முறை. ஆனால் அப்படித் தொடங்கினால், வழக்கம்போலப் பகிடி விட்டபடி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் முடித்துவிடுவேன்.

அண்ணா சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நாலு. அம்மாவையும் என்னையும் பட்டணத்துக்குக் கூட்டிவந்து, துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்தார். பிறகு அங்கேயே களஞ்சியக் காப்பாளர் ஆனார். அவருக்குக் கோபம் வந்தால் கதைக்கமாட்டார். என் காற்சட்டையைத் தானே தோய்த்துக் கொடியில் போடுவார். அதைப் பார்த்து நான் அழவேண்டும். ஒவ்வொரு மாலையும் கோயிலுக்குப் போய், ஊரடங்குக்கு முன் நெற்றி நிறையத் திருநீற்றோடு வீடு திரும்புவார். அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை.

போர்க்காலத்தில் ஒருநாள், ஆணி தேடப்போன நான் அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் ஒரு கொப்பியைக் கண்டேன். அண்ணாவின் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரம், பாரம், தூரம். சிலவற்றைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தமிழனின் அலுமாரியில் இப்படியொரு கொப்பி. எனக்கு அப்போது வயது இருபத்தேழு, மூளைக்கு ஏழு. கடற்படையின் போக்குவரத்தை அண்ணா இயக்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கூரையில் பூனை குதித்தபோது இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆமி மூன்றாவது வீட்டில் நிற்கிறது என்று கேட்டதும், கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடி, புட்டுப்பானையைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, அடுப்புக்குள் திணித்தேன். தடித்த மட்டைக் கொப்பி சுலபத்தில் எரியாது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நான் ஊத ஊதப் புகை கூரைக்கு மேலே போனது. ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளையும் விட்டுவிட்டு எங்கள் வீட்டைப் பார்க்கச் சொல்லி நானே கொடி பிடித்தது போல ஆயிற்று.

கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டிருந்த அண்ணா, பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். அடுப்புக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மடையா, அது குதிரையடா" என்றார்.

அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது. உள்ளே வந்த சிப்பாய் கரியிலிருந்து ஒரு துண்டை இழுத்தெடுத்தான். அதில் ஒரு நேரமும் ஒரு சிவப்பு வட்டமும் மிச்சம் இருந்தன. யார் எரித்தது என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இந்த வாய்தான் கலியாண வீடுகளில் உங்களையெல்லாம் சிரிக்க வைக்கிற வாய்.

"என்ர கொப்பி. நான்தான் எரிச்சனான்" என்றார் அண்ணா. நுரையைத் துடைக்கவும் விடாமல் கொண்டுபோனார்கள்.

அண்ணா மாலையில் போனது கோயிலுக்கு அல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானா நடத்திய, குதிரைக்குப் பந்தயம் கட்டும் ரேஸ் கடைக்கு. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் வர்ணனையை அங்கே ஒலிபெருக்கியில் கேட்பார்கள். திருநீற்றுப் பொட்டலம் அண்ணாவின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

முகாமில் அவர் உண்மையைச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை, கொப்பியில் இருந்ததை எழுதிக்காட்டச் சொன்னார்கள். கடைசிச் சனிக்கிழமை ஓடிய பதினொரு குதிரைகளையும், அவை சுமந்த பாரத்தையும், ஓட்டியவர்களின் பெயர்களையும், தரை ஈரமா காய்ந்ததா என்பதையும் நினைவிலிருந்து எழுதினார். களஞ்சியக்காரன் ஒருவன் இவ்வளவையும் பாடமாக்கி வைத்திருப்பானா என்று அடித்தார்கள். மறுநாளும் எழுதச் சொன்னார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்கும் அடித்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நானா, கடையில் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய ரேஸ் தாள்களைக் கட்டாகக் கட்டி, சைக்கிளில் முகாம் வாசலுக்குக் கொண்டுபோனார். துரத்தினார்கள். மறுநாளும் போனார். மூன்றாவது கிழமை, ரேஸ் தெரிந்த அதிகாரி ஒருவர் அவரை உள்ளே கூப்பிட்டு, அண்ணா எழுதியதையும் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகும் அண்ணாவை வெளியே விட இரண்டு மாதம் எடுத்தது.

வரும்போது வலது காது கேட்கவில்லை. பேசி வைத்திருந்த கலியாணமும் நின்றுவிட்டது. நானா முகாமுக்குள் போனதையும், சுகமாக வெளியே வந்ததையும் கண்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அவர்தான் காட்டிக்கொடுத்தவர் என்ற கதை அப்படித்தான் பிறந்தது. அம்மாவும் அதை நம்பியபடியே கண்மூடினார். நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோது, அண்ணா தடுத்தார். "உன்னையும் விசாரிக்கக் கொண்டுபோவாங்கள். நானாவுக்குத் தெரியும், அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றார். போர் முடிந்தது. விசாரிக்க வருவார் இல்லை. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு அண்ணா பொறுப்பல்ல.

அண்ணா மறுபடியும் அந்தக் கடைக்குப் போய், இடது காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மானமில்லாதவர் என்றோம். அப்படி என்ன இருக்கிறது அதில் என்று ஒருமுறை கேட்டேன். வேலைத்தலத்துச் சுற்றுலாவில் நுவரெலியா போனபோது பந்தயத் திடலில் ஒரு குதிரையைக் கிட்ட நின்று பார்த்தாராம்.

"ஓடி முடிச்சு வேலியடிக்கு வந்து என்ர கையில மூச்சு விட்டதடா. தோத்த குதிரை. தோல் முழுக்க நடுங்கிக்கொண்டு நிண்டது, அண்டைக்கு அடுப்படியில நீ நிண்ட மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க ஏலவில்லை.

கடைசி நாட்களில் சிறுநீரகம் பழுதாகி அண்ணா படுக்கையானார். அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவுபகல் பாராமல் துணை நின்ற அயலவருக்கும், செத்தவீட்டில் கூடி நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்றைக்கு நானாவும் வந்திருந்தார். வீதியில் வேலிக்கு வெளியே நின்றார். யாரும் கதிரை கொடுக்கவில்லை. கடைசியில் நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இரிக்கட்டும் தம்பி. ரேஸ் பாக்கிற ஆக்கள் நிண்டுதான் பழக்கம்" என்றார்.

அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கொப்பியை எரித்தவன் நான். கேட்டபோது பேசாமல் நின்றவனும் நான்.