பதினான்கு மாதம் மகளோடு பேசாமல் இருந்தேன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஆறு வயது மகள் தாரணி, டில்லி ஜனக்புரியில் இருந்த அந்தத் தெரபி சென்டரின் மேடம், ஃபார்ம் நிரப்பிய ஒரு பெண். ஐந்து பேர். ஏன் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

தாரணி வகுப்பில் உட்காருவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, புத்தகத்தைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று பள்ளியில் புகார். மேடம் தாரணியிடம் இந்தியில் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். பிறகு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுவிதமாக அமையும் வளர்ச்சி நிலை) என்றார். வீட்டில் தமிழ், வெளியே இந்தி என்று பிள்ளை குழம்புகிறாள், தமிழை நிறுத்திவிடுங்கள் என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வருவது காய்கறி வாங்கும் இந்தி. அதில் "பையா, கித்னா?" (அண்ணா, எவ்வளவு?) என்று கேட்கலாம். பள்ளியில் உன்னை யார் அழவைத்தார்கள் என்று பிள்ளையிடம் துருவிக் கேட்க முடியாது.

ஆகவே பேச்சையே நிறுத்தினேன். தட்டை நீட்டுவேன். தலை பின்னி முடித்ததும் தோளைத் தட்டுவேன். வாய் தவறினால் வீட்டுக்காரர், "வசந்தி! மேடம் என்ன சொன்னாங்க? நீயே புள்ளயக் கெடுக்காத" என்பார்.

அவள் பேச்சு இன்னும் குறைந்தது. பார்த்தீர்களா, அதுதான் ஆட்டிசம் என்றார்கள். நானும் நம்பினேன்.

கடைசியில் பயம் தாங்காமல் நான்தான் அடம்பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். நான்கு முறை வரச் சொன்னார்கள். காது, கண், படிப்பு, விளையாட்டு எல்லாம் பார்த்தார்கள். மூன்றாம் முறை உளவியல் டாக்டர் ஒரு படத்தை என் கையில் கொடுத்து, உங்கள் மொழியில் நீங்களே கேளுங்கள் என்றார்.

தாரணி அவள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அம்மா பேசலாமா? மேடம் திட்டுவாங்கல்ல?"

அவர் தரையைப் பார்த்தபடி, "பேசட்டும்மா" என்றார்.

"படத்துல என்னடி நடக்குது?" என்றேன்.

"நாய் ரொட்டிய எடுத்துட்டுப் போகுது. அது திருடல அம்மா. அச்சா நாய்தான், நல்ல நாய். அந்த பையா ஃபோனையே பாத்துட்டிருந்தா அது என்ன பண்ணும்?"

வீட்டுக்காரர் அதை இந்தியில் சொன்னதும் டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நான்காம் முறை முடிவைச் சொன்னார்கள். தாரணிக்கு டிஸ்லெக்ஸியா (எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிப்பதில் சிரமம்). கூடவே ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு). ஆட்டிசம் இல்லை. வெளியே பார்த்தால் இவை ஒன்றுபோலவே தெரியும், ஒரு பிள்ளைக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் வரும், அதனால்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தமிழை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார்.

உங்கள் பிள்ளைக்கு இதுபோல ஒரு நிலையின் பெயரைச் சொன்னால், எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன்.

தாரணி இப்போது சிறப்பு ஆசிரியரிடம் போகிறாள், மெதுவாகப் படிக்கிறாள். நான் தொண்டை கட்டும்வரை பேசுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தைக்கு முன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அவளுக்கு எட்டு வயது நடக்கிறது. ஏழு வயதில் அவள் என்னிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் அந்த சென்டரிலிருந்து ஃபோன். டாக்டர் சொன்னதை எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். "அச்சா ஜி" (சரிங்க) என்றாள் ஃபார்ம் நிரப்பிய அந்தப் பெண். பிறகு தாரணி அங்கே போய்வந்த தெரபிக்கான பாக்கியைச் சொன்னாள். நாங்கள் இன்னும் கட்ட வேண்டியது பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.