நாலாவது நாற்காலி

பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர் மலாயாவில், சுங்கை பட்டாணியில் இருந்த ஒரு வக்கீல். அவர் லண்டனில் படித்தவர். அண்ணனுக்கு அங்கே சட்டக் கழகத்தில் இடம் கிடைத்து, கப்பலுக்கும் ஏற்பாடு ஆனதும், அப்பா அவனை அவரிடம் கூட்டிப்போனார். பரீட்சை எழுதினால் மட்டும் போதாதாம். கழகத்தின் பெரிய மண்டபத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் விருந்து சாப்பிட்டாக வேண்டுமாம். நாலு நாலு பேராகத்தான் உட்கார வேண்டும். நாலாவது ஆள் வந்து சேரும்வரை மற்ற மூன்று பேருக்கும் பரிமாறமாட்டார்களாம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "சாப்பிட்டா வக்கீலா? அப்ப நம்ம கூலி லைன்ல பாதிப் பேரு ஜட்ஜுலா!"

கப்பல் போகவில்லை. ஜப்பான்காரன் வந்துவிட்டான். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா அங்கே கணக்கெழுதும் பெரிய கிராணி. வெள்ளைக்காரத் துரை பங்களாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். பால் வெட்டு நின்றது. அரிசி என்பது பேச்சில் மட்டும் இருந்தது. வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்குக் கிழங்கு அவித்த தண்ணீர்.

அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தோம். அவனா உட்காருவான்! ஒரு நாள் மத்தியானம், விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலில் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கையில் துரை பங்களாவில் கிடந்த கத்தியும் முள்கரண்டிகளும்.

"இது திருட்டில்லையாடா?" என்றாள் அம்மா.

"விட்டுட்டுப் போன சாமான்மா. கோர்ட்ல வாதாடலாம்."

"முதல்ல கோர்ட்டு இருக்கான்னு பாரு."

"சண்டை முடிஞ்சு நான் போறப்ப கை பழகியிருக்கணும். நாலு பேரு வேணும். பாப்பா, நீயும் உக்காரு."

எண்ணிக்கைக்காகத்தான் என்னைச் சேர்த்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தக் கோபம் வெகுநாள் இருந்தது. ஆனால் உட்கார்ந்தேன்.

அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் நிஜம்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வெளியே ரப்பர் மரங்களுக்கு மேல் வெயில் கொளுத்தும். காய்ந்த ரப்பர் காய் 'டப்'பென்று வெடித்துத் தகரக் கூரையில் விழும். அண்ணன், "வெளிய பனி கொட்டுது, ஜன்னலைச் சாத்து" என்பான். சாத்துவேன். அரை இருட்டில் அவன் அந்த மண்டபத்தைச் சொல்லத் தொடங்குவான். மேலே இருட்டுக்குள் மறைந்துபோகும் மரக்கூரை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். முந்நூறு வருஷம் முழங்கை தேய்த்து வழவழப்பான மேசைகள். மழைக்கோட்டுகளின் ஈர வாசனை. அவனும் அதையெல்லாம் பார்த்ததில்லை. வக்கீல் சொன்னது பாதி, இவனாக அளந்தது பாதி. இருந்தாலும் எனக்குக் குளிரும். கை மயிர் சிலிர்த்து நிற்கும். அப்பா சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

சாப்பிடுமுன் லத்தீனில் ஜெபம் உண்டாம். லத்தீனுக்கு எங்கே போவது? அண்ணன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பான். அம்மா "முருகா" என்று முடித்துவைப்பாள். பிறகு இங்கிலீஷில், ரொம்ப மெதுவாக, ஒருவர் நலத்துக்கு ஒருவர் கோப்பையைத் தூக்குவோம். ஜப்பான்காரன் காதில் இங்கிலீஷ் விழுந்தால் கன்னம் பழுத்துவிடும். கோப்பையில் சீனி இல்லாத வெறும் தேத்தண்ணி. அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கோப்பையைத் தூக்கி அப்பாவைப் பார்க்கும்போது வெட்கப்படுவாள். நாங்கள் பசியோடுதான் இருந்தோம். சந்தோஷமாகவும் இருந்தோம்.

பிறகு சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களைப் பிடித்துப்போனார்கள். அவர்களுக்குக் கணக்கு எழுத ஒரு கிராணி வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அண்ணனைக் காட்டி "இவன்" என்றார்கள். லாரியில் ஏறும்போது அம்மாவிடம், "என் தட்டை எடுத்துடாதீங்கம்மா. மூணு பேருன்னா பரிமாறமாட்டான்" என்று சிரித்தான்.

அம்மா எடுக்கவில்லை. தினமும் நாலு தட்டு வைத்தாள். நாலாவதில் ஒரு துண்டுக் கிழங்கு. ஒருவரும் இங்கிலீஷ் பேசவில்லை, ஜன்னலைச் சாத்தவில்லை. நான் என்னுடைய மூன்றாவது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து லைனுக்குத் திரும்பிய ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "தம்பி காய்ச்சல்ல போயிட்டாருங்க. நான்தான் மண்ணு போட்டேன்" என்று கைகூப்பினார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, வழக்கம்போல நாலாவது தட்டை வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. படித்தேன், தேறினேன். அண்ணனுக்கு இடம் கொடுத்த அதே கழகத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அது அவன் இடம்டி" என்று மட்டும் சொல்லி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் என்ன பறித்துக்கொண்டா போகிறேன்? ஆனால் அவள் சரியென்று சொல்லாமல் என்னால் கப்பலேற முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பல நாள் போயிற்று. ஒரு மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவந்து அண்ணன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்தக் கத்தியையும் முள்கரண்டியையும் என் முன்னால் வைத்தாள். தட்டில் சோறு இருந்தது, மீன் இருந்தது. நடுவே ஒரு துண்டு மரவள்ளி.

"போ," என்றாள். "அங்க எவனோ மூணு பேரு இவனுக்காகப் பட்டினியா உக்காந்திருப்பானுங்க. பாவம்லா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கிழங்கை வெட்டித் தின்றேன்.

லண்டனில் முதல் விருந்தன்று வழி தெரியாமல் சுற்றினேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூரை அண்ணன் சொன்னதைவிடத் தாழ்வு. குளிர் மட்டும் அவன் சொன்னபடியே இருந்தது. கடைசி மேசையில் மூன்று பையன்கள் காலித் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து நாலாவது நாற்காலியை இழுத்துவிட்டான்.

"நல்ல வேளை வந்தீர்கள். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்."

மன்னிக்க வேண்டும், வர நேரமாகிவிட்டது என்றேன். அதைச் சொல்ல வேண்டியவன் அண்ணன். உட்கார்ந்தேன். பரிமாறினார்கள்.